அந்த ஊரில் ரயில் இல்லை

தெலுக் பங்லிமா காராங்
12 நவம்பர் 2025

அன்புள்ள உஷா அத்தைக்கு,

தாமரை எழுதுகிறேன். சுகமாக இருக்கிறீர்களா? போன மாதம் கட்டியிருந்த தொண்டை சரியாகிவிட்டதா? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த ஒரு கடிதத்தில் மட்டும் அதை விட்டுவிடுகிறேன்.

இது கிருஷ்ணம்மாள் அக்கா கையில் வரும். உங்கள் ஸ்டூடியோவுக்குக் கீழே பூக்கடையில் வேலை செய்கிறாரே, அவர்தான். எங்கள் வரிசையில் கடைசி வீடு. ஒரு தடவைதான் எடுத்துப் போவேன், மறுபடி கேட்காதே, எனக்கும் பிள்ளைகள் இருக்கு என்று சொல்லிவிட்டார். அதனால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் தனேஷ் அண்ணன் என் போனைப் பார்த்துவிட்டான். ஜீவன் அனுப்பியதெல்லாம் அதில் இருந்தது. ஜீவன் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எடுக்கிறார். நல்லவர். ஆனால் கலியமூர்த்தியின் மகன். எங்கள் கோயில் நிர்வாகம் இரண்டாகப் பிளந்த கதை உங்களுக்குத் தெரியும். அப்பா ஒரு நிர்வாகத்துக்குச் செயலாளர். கலியமூர்த்தி இன்னொரு நிர்வாகத்துக்குத் தலைவர். ஒரே அம்மன், ஒரே கதவு, அந்தக் கதவில் இரண்டு பூட்டு. இந்த வருஷத் தீமிதியில் நடந்த அடிதடியில் அண்ணன் புருவத்தில் தையல் போட்டார்களே, அது ஆறிவிட்டது. அண்ணன் ஆறவில்லை.

என் போனை எடுத்துக்கொண்டார்கள். தொழிற்சாலை வேலையை விடச் சொல்லிவிட்டார்கள். முன்வாசல் கிரில் கதவின் சாவி அண்ணனிடம் இருக்கிறது. போன வாரம் துறைமுகச் சாலையில் ஒரு கார் ஜீவன் மோட்டார் சைக்கிளைத் தட்டிவிட்டுப் போய்விட்டதாம். கை உடைந்துவிட்டது என்று கிருஷ்ணம்மாள் அக்கா சொன்னார். அன்று சாயங்காலம் அண்ணன் வந்து காரின் முன்பக்கத்தை மட்டும் கழுவினான். அப்பா வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்கு அதிகப் பயம் அத்தை. அடுத்த தடவை கையோடு நிற்காது.

போலீஸ் வேண்டாம். ஜீவன் புகார் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தால் அண்ணன் உள்ளே போவான், அம்மா தாங்க மாட்டார்.

அப்பா ஒன்றுக்கு மட்டும் சம்மதித்தார். அத்தையோடு பேச வேண்டுமென்றால் கடிதம் எழுது, போனில் என்ன பேசுகிறாய் என்று எனக்குத் தெரியாது, கடிதமென்றால் வாசித்துவிட்டுத் தருவேன் என்றார். அதனால் இனிமேல் நீங்கள் ஸ்டூடியோவில் தமிழில் குரல் கொடுக்கும் ஜப்பான் கார்ட்டூன் கதையை எனக்கு எழுதுங்கள். அனிமே என்று எழுத வேண்டாம், அப்பாவுக்கு அந்தச் சொல்லே சந்தேகத்தைக் கொடுக்கும். இரண்டு வீட்டுச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட காதலர்கள் கதை என்றுதானே சொன்னீர்கள். கப்பல் வீட்டுப் பெண் நான். விளக்கு வீட்டுப் பையன் ஜீவன். அவர் உங்களைப் பார்க்க ஸ்டூடியோவுக்கு வருவார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கதையாக எழுதுங்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கடைசியில் அவர்கள் இரண்டு பேரும் செத்துவிடுவார்களா?

உங்கள் தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
20 நவம்பர் 2025

அன்புள்ள தாமரைக்கும், உறையைப் பிரித்து முதலில் வாசிக்கும் என் அண்ணனுக்கும், உஷாராணியின் வணக்கம்.

நான் சுகம். தொண்டை சரியாகிவிட்டது. சந்திரகலா அண்ணிக்கு முட்டிவலி எப்படி? தாமரை, நீ காலையில் சாப்பிடுகிறாயா? வெறும் வயிற்றோடு இருந்தால் உனக்கு கேஸ்ட்ரிக் வந்து சுருண்டு படுத்துவிடுவாய் என்பதை அத்தை மறக்கவில்லை.

வீட்டில் சும்மா இருக்கும் உனக்குப் பொழுது போகட்டும் என்று நான் வசனம் எழுதும் கார்ட்டூன் கதையைச் சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் பல நூறு வருஷமாக அழுதுகொண்டிருக்கும் ஒரு பழைய காதல் கதையை ஜப்பான்காரர்கள் எடுத்து, ஆளை மாற்றி ஊரை மாற்றிச் செய்திருக்கிறார்கள். கடலோரப் பட்டணம். தெருவெல்லாம் தண்ணீர், வீட்டுக்கு வீடு படகு. கப்பல் வீட்டுக்காரர்களும் விளக்கு வீட்டுக்காரர்களும் கலங்கரை விளக்கை யார் ஏற்றுவது என்று சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டு வீடும் ஏற்றிவிடும், அல்லது இரண்டும் ஏற்றாது. கப்பல்கள்தான் பாறையில் மோதும்.

இந்த வாரப் பாகத்தில் விளக்கு வீட்டுப் பையன் கட்டுப் போட்ட கையோடு ஒரு வீட்டுக்கு வருகிறான். எலும்பு சேர்ந்துகொண்டிருக்கிறதாம். நன்றாகச் சாப்பிடுகிறான். அந்த ஊரில் தோசை கிடையாது, அரிசி உருண்டை என்று வைத்துக்கொள், நாலு தின்றான். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. போனால் அவளோடுதான் இந்த ஊரை விட்டுப் போவேன் என்றும் சொன்னான்.

வசனம் எழுதுவது பெரிய பாடு. ஜப்பான்காரர் வாய் மூன்று தடவைதான் திறக்கும். அதற்குள் ‘என்னை விட்டுப் போகாதே’ என்பதைத் திணிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு நான்தான் குரல் கொடுக்கிறேன். அம்மாவுக்கு வசனமே குறைவு. முக்கால்வாசி நேரம் கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

முடிவைக் கேட்பாய் என்று தெரியும். பழைய கதையில் இரண்டு பேரும் சாகிறார்கள். ஒரு செய்தி போய்ச் சேராததால் சாகிறார்கள். இதில் என்ன என்று எனக்குத் தெரியாது. கம்பெனி கடைசிப் பாகத்தை இன்னும் அனுப்பவில்லை.

சாப்பிடு.

அத்தை


தெலுக் பங்லிமா காராங்
4 டிசம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டிக்குத் தைலம் போடுகிறார்கள். நான் காலையில் சாப்பிடுகிறேன். அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்.

கதை நன்றாக இருக்கிறது. பையனின் கை சரியாகிவிடும் என்பது சந்தோஷம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இனிமேல் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த மாதிரிக் கதைகளில் வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள், வேறு மாப்பிள்ளை பார்ப்பார்கள். நான் சொன்னது சரியா என்று எழுதுங்கள்.

நம் வீட்டுச் செய்தி ஒன்று. எனக்குச் செந்தூலில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். சொந்தமாகக் கொண்டோ வீடு வைத்திருக்கிறாராம். அப்பாவின் நிர்வாகத்துக்கு வக்கீலாக இருப்பவரின் தம்பி. தைப்பூசம் முடிந்த வாரம் நிச்சயம். என் மனம் தெளிய வேண்டும் என்று அப்பா நேர்ந்துகொண்டிருக்கிறார். பத்துமலையில் நான் பால்குடம் எடுக்க வேண்டும். எல்லாரும் வருகிறோம். தனேஷ் அண்ணனும் நண்பர்களோடு வருகிறான்.

சனிக்கிழமை உங்கள் கார்ட்டூன் டிவியில் வந்தது. அப்பா காக்கா கத்துவதுபோல் இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். அதனால் நீங்கள்தான் எழுத வேண்டும். சீக்கிரம் எழுதுங்கள்.

தாமரை


தெலுக் பங்லிமா காராங்
27 டிசம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

சுகமா? உங்களிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். அல்லது கடிதம் வந்து, இன்னும் என் கைக்கு வராமல் இருக்கலாம். தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போகிறேன். அதற்கு முன்பே அண்ணன் வாசலில் நிற்கிறான்.

நேற்று அண்ணன் சாப்பிடும்போது, ஒருத்தன் கை சரியாகி மறுபடி வேலைக்கு வந்துவிட்டானாம் என்று சிரித்தான். அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கதை என்ன ஆயிற்று அத்தை? அந்தப் பையன் ஊரிலேயே இருந்தால் நல்லதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கதை எழுதியவர்களுக்கு இது தெரியாதா?

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
5 ஜனவரி 2026

அன்புள்ள தாமரைக்கு, அத்தை எழுதுவது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் புத்தாண்டு வாழ்த்து. எல்லாருடைய உடம்பும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நான் எழுதாமல் இருந்ததற்குக் கோபப்படாதே. பாகங்கள் வர வர எழுதலாம் என்று இருந்தேன். இப்போது எட்டாம் பாகம் கையில் இருக்கிறது. பொறுமையாக வாசி. ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசி.

அந்த ஊரில் விளக்குத் திருவிழா வருகிறது. மலைக்கோயில் திருவிழா. ஊரே திரண்டுவிடும், நிற்க இடம் இருக்காது. கப்பல் வீட்டுப் பெண் தலையில் குடம் எடுக்க வேண்டும் என்று அப்பா வேண்டிக்கொண்டிருக்கிறார். விடியற்காலையில் ஆற்றில் குளிக்கிறாள். பெண்கள் ஈரத்துணி மாற்றுகிற மறைப்புக்குள் போகிறாள். அங்கிருந்து இன்னொரு பக்கமாக வெளியே வந்து, கூட்டத்தோடு கூட்டமாக ரயில் நிலையத்துக்கு நடக்கிறாள். மேடையின் கடைசியில் விளக்கு வீட்டுப் பையன் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறான். ரயில் வருகிறது. ஏறிவிடுகிறார்கள். அவ்வளவுதான் பாகம்.

பையன் ஒரு தூரத்து ஊரில் வேலை தேடிக்கொண்டான். பெண் தைரியமாக இருந்தால் போதும்.

காலையில் சாப்பிடு. திருவிழா அன்றும் ஒரு வாய் பாலாவது குடித்துவிட்டுக் கிளம்பு.

அத்தை


தெலுக் பங்லிமா காராங்
11 ஜனவரி 2026

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாரும் சுகம். கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன். எட்டாம் பாகம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெண் தைரியமாகத்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். பால் குடிப்பாள்.

தாமரை


கிள்ளான்
19 ஜனவரி 2026

தங்கை உஷாராணிக்கு பரமேஸ்வரன் எழுதுவது.

நலம். உன் நலத்துக்கு அம்மன் துணை.

பொருள்: ஜப்பான் கார்ட்டூன்.

உன் கடிதங்களை நான் வாசித்துவிட்டுத்தான் பிள்ளையிடம் கொடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். கதை நன்றாக இருந்தது. நீ சின்ன வயதிலிருந்தே நன்றாகக் கதை சொல்வாய். முழுதாகப் பார்ப்போம் என்று சந்திரகலாவின் போனில் முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லோரி ஆபீசில் உட்கார்ந்து பார்ப்பேன். பத்துப் பாகம் முடித்துவிட்டேன்.

அந்த ஊரில் ரயில் இல்லை. படகுதான் இருக்கிறது. எட்டாம் பாகத்தில் விளக்குத் திருவிழா வருகிறது, ஆனால் யாரும் குடம் எடுக்கவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். அந்தப் பையனுக்கு எந்தப் பாகத்திலும் கை உடையவில்லை.

எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் பரவாயில்லை. நீ எழுதிய எட்டாம் பாகம் சாமி மேடையில் கிடந்தது. தனேஷும் எடுத்து வாசித்தான். அவன் கார்ட்டூன் பார்ப்பதில்லை. ரயில் நிலையம் என்றால் அவனுக்குப் புரியும். அன்றிலிருந்து நண்பர்களைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறான். கார் டிக்கியில் ஒன்று வைத்திருக்கிறான். அது என்னவென்று நான் எழுத மாட்டேன்.

கதையைப் பற்றி என் கருத்து ஒன்று. அந்தப் பையன் ரயில் நிலையத்தில் நிற்கக் கூடாது. ஆற்றுக்கு மேல்பக்கம் மொட்டை அடிக்கும் கொட்டகைகள் இருக்கின்றன. கடைசிக் கொட்டகையில் அவனும் மொட்டை அடித்து, தலையில் சந்தனம் பூசி, மஞ்சள் வேட்டி கட்டி நிற்கட்டும். நூறு மொட்டைக்கு நடுவில் எந்த மொட்டை யாருடைய பிள்ளை என்று பெற்றவனுக்கே தெரியாது. அந்தக் கார்ட்டூனில் முகமூடி போட்டுக்கொள்வதும் இதற்குத்தானே.

இதற்கு மேல் எழுத முடியாது. கோயில் வழக்கு நடக்கும்போது எழுத்தில் எதையும் வைக்காதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். போனிலும் பேசாதே. பதில் எழுதினால் ஆபீஸ் முகவரிக்கு எழுது.

ஒன்பதாம் பாகத்தில் அந்தத் தாய் மகளின் கதவைத் தட்டுகிறாள். அங்கே நீ வசனம் பேசவில்லை. அழுதாய். வேனில் நீ அழுத அதே குரல். நான் போனை நிறுத்திவிட்டேன். பிறகு மறுபடி போட்டுக் கேட்டேன்.

பரமேஸ்வரன்


பிரிக்பீல்ட்ஸ்
23 ஜனவரி 2026

அண்ணனுக்கு உஷாராணியின் வணக்கம்.

உங்கள் உடம்பு எப்படி என்று கேட்க வேண்டும். இப்போது எனக்கு அது வரவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். கார்ட்டூனை நீங்கள் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தண்ணீரில் மிதக்கும் ஊருக்கு ரயில் விட்டேனே, என் புத்தியை என்ன சொல்வது. பேசாதே என்று நீங்கள் எழுதியும் மனசு கேட்காமல் போன் செய்தேன். தனேஷ்தான் எடுத்தான். பத்துமலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். அதை நீங்க ஏன் கேக்கறீங்க என்றான். வைத்துவிட்டேன்.

அண்ணே, நீங்கள் இடத்தை மாற்றச் சொல்வது இது முதல் தடவை இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், பதிவு அலுவலகத்துக்குப் போகாதே, அங்கே அப்பாவின் ஆட்கள் நிற்கிறார்கள், செந்தூல் பாலத்தடிக்கு இரண்டு பேரும் வாருங்கள், நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றீர்கள். நம்பி வந்தேன். வேனில் நீங்கள் வந்தீர்கள். அம்மா வரவில்லை. நாலு பேர் வந்தார்கள். நான் கட்டிக்கொள்ள இருந்தவரை அவர்கள் அடித்தபோது நீங்கள் என் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். காதைப் பொத்தவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது மறுபடியும் அதே அண்ணன், அதே மாதிரிச் சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் சொல்வது பொய்யென்றால் அந்தக் கொட்டகையில் பிள்ளைகளை நானே பிடித்துக் கொடுத்ததாக ஆகும். உண்மையென்று தெரிந்தும் நான் கேட்காமல் விட்டால் ரயில் நிலையத்தில் அது நடக்கும். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்றால் பற்கள் அடிக்கிற சத்தம் பதிவாகிறது என்று நிறுத்திவிட்டார்கள்.

பையனிடம் சொன்னேன். கட்டுப் பிரித்த கையால் தலையைத் தடவிக்கொண்டு, “முடிதானே ஆன்டி, வளந்துரும்லா” என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“உங்க அண்ணன் நம்மள மாட்டி விட்டுட்டா?”

“அப்ப நான் உனக்கு முன்னாடி நிப்பேன்” என்றேன்.

அதைத்தான் செய்யப்போகிறேன். எட்டாம் பாகத்தை மாற்றிவிட்டேன். கடைசிக் கொட்டகை. நானும் அங்கே இருப்பேன். இதைத் தாமரைக்கு நான் எழுதினால் மறுபடி யார் கையில் கிடைக்குமோ. நீங்களே அவளிடம் சொல்லுங்கள். உங்களை நம்பி இதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கதவு தட்டும் இடத்தை நீங்கள் மறுபடி போட்டுக் கேட்டதாக எழுதினீர்களே, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

உஷாராணி


14 பிப்ரவரி 2026

அன்புள்ள அத்தைக்கு,

ஊர்ப் பெயர் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் சுகம். நீங்கள் சுகமா? போன் இன்னும் வாங்கவில்லை. தனேஷ் அண்ணனின் நண்பன் ஒருவன் போன் கடையில் இருக்கிறான், கொஞ்ச நாள் போகட்டும் என்று ஜீவன் சொல்கிறார். மோட்டார் சைக்கிள் வேகமாகப் போனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கிறோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம்.

கொட்டகைக்கு நான் வந்து சேர்ந்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததை எழுதுகிறேன்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு நான் பால்குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நின்றார். “எட்டாம் பாகத்த ஒங்கத்த மாத்திட்டா. ரயிலு இல்ல. மொட்ட அடிக்கிற எடத்துல கடைசிக் கொட்டாய்” என்றார். போய்விட்டார். எனக்கு உயிரே போய்விட்டது அத்தை. அண்ணனுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தாரா? பொறி வைக்கிறாரா? யாரிடம் கேட்பது? முருகா என்று குடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆற்றங்கரையில் அண்ணன் என்னை விட்டு இரண்டடி நகரவில்லை. அப்பா கூட்டத்திலிருந்து வேகமாக வந்தார். அவனை ரயில் நிலைய மேடையில் பார்த்தேன், தொப்பி போட்டிருக்கிறான், வா என்று அண்ணன் தோளைப் பிடித்து இழுத்தார். அண்ணனும் நண்பர்களும் அவர் பின்னால் ஓடினார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அம்மா என் கையிலிருந்து குடத்தை வாங்கினார். “நான் தூக்கிட்டுப் போறேன். நேத்திக்கடன் பாக்கி இருக்கக் கூடாது” என்றார். அந்த முட்டியோடு படி ஏறியிருப்பார்.

கொட்டகையில் எல்லாரும் மொட்டை, எல்லாரும் சந்தனம். எனக்கு ஜீவனைத் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இதில் யாரோ ஒருவன் அண்ணனின் ஆள், கையைப் பிடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கை மேலே எழுந்தது. கோணலாக ஒட்டிய கை. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அப்பா அந்த நிலையத்திலிருந்து எப்படி வீட்டுக்குப் போனார் அத்தை? தெரிந்தால் எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
22 பிப்ரவரி 2026

அன்புள்ள தாமரைக்கும் ஜீவனுக்கும்,

அத்தை சுகம். ஜீவனுக்கு முடி வளர்கிறதா?

கிருஷ்ணம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அப்பா மேடையின் கடைசியில் நின்று, இதோ வருவான், இதோ வருவான் என்று அவர்களை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்திருந்தாராம். ரயில்கள் வந்து வந்து போய்க்கொண்டே இருந்தனவாம். கடைசியில் உன் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்தபோது இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். படியில் தடுக்கி விழுந்ததாகச் சொல்கிறார். அம்மாவும் அதையே சொல்கிறார். ஒரு கண்ணில் பார்வை திரும்பும் என்கிறார்களாம். நிர்வாகத்திலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். வேலைக்கும் போவதில்லை. சாவி, போன், தபால் எல்லாம் இப்போது தனேஷ் கையில். நீ வீட்டுக்கு ஒரு வரிகூட எழுதாதே. எழுதினால் உறையின் மேல் இருக்கும் ஊர் முத்திரையைத்தான் அவன் முதலில் பார்ப்பான்.

கடைசிப் பாகம் வந்துவிட்டது. போன சனிக்கிழமை டிவியிலும் போட்டார்கள். அவர்கள் சாகவில்லை. படகில் ஏறிக் கடலுக்குள் போகிறார்கள். பனி மூடிவிடுகிறது. கரையில் இரண்டு அப்பாக்களும் ஆளுக்கொரு விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கரை சேர்ந்தார்களா என்று காட்டவில்லை.

காலையில் சாப்பிடு. ஜீவன், அவள் சாப்பிடுகிறாளா என்று பார்.

அத்தை


தெலுக் பங்லிமா காராங்
9 மார்ச் 2026

தங்கை உஷாராணிக்கு பரமேஸ்வரன்.

நான் சொல்ல, தனேஷ் எழுதுகிறான். கண்ணில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. மற்றபடி நலம். சந்திரகலா நலம். உன் தொண்டையைப் பார்த்துக்கொள்.

வேறு விசேஷம் இல்லை. பொழுது போகாததால் அந்தக் கார்ட்டூனின் கடைசிப் பாகத்தை டிவியில் போட்டுக் கேட்டேன். பார்க்க முடியாது, கேட்டேன். படகு போகிற சத்தம் வருகிறது, அப்புறம் ஒன்றும் இல்லை. இப்படியா முடிப்பார்கள்? இதற்குத் தொடர்ச்சி வரும் என்று சொல்கிறார்களா? வந்தால் அந்தக் கப்பல் வீட்டுப் பெண் எப்படி இருக்கிறாள் என்று எழுது. அவள் காலையில் வெறும் வயிற்றோடு இருந்துவிடுகிற பெண். கதை எழுதுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்காது. சாப்பிட்டாளா என்று யாராவது ஒருவர் கேட்பதாக வசனத்தில் சேர். அது போதும்.

பரமேஸ்வரன்

அத்தைக்கு, தனேஷ். அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டேன். அவர் இவ்வளவு ஆசைப்படுகிறாரே என்று நானும் அந்தக் கார்ட்டூனை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் பழைய கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன். எட்டாம் பாகம் முடிந்தது. அந்த ஊரில் ரயில் இல்லையே அத்தை. தொடர்ச்சி எந்த ஊரில் நடக்கிறது?